பானை ஓடு கூடக் கிடைக்காத பள்ளங்கள்: வீடு கட்டும் முன் இங்கிலாந்து ஏன் பழைய வயல் எல்லைகளைத் தோண்டுகிறது?

இங்கிலாந்தில் ஊருக்கு வெளியே ஒரு புதுக் குடியிருப்பு எழும்பும் முன், அந்த வயலில் சில வாரங்களோ சில மாதங்களோ தொல்லியலாளர்கள் வேலை செய்வது இன்று வழக்கமான காட்சி. மேல்மண்ணை வழித்தெடுத்ததும் அவர்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு கோடுதான். வெளிறிய சரளை மண்ணின் மேல் கருப்பாக, நேராக ஓடும் கோடு. வெட்டிப் பார்த்தால் ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் தூர்ந்துபோன ஒரு பள்ளம். உள்ளே வண்டல் மண், ஒன்றிரண்டு எலும்புத் துண்டு, சில சமயம் ஒரு பானை ஓடு, பல சமயம் அதுவும் இல்லை. "காலம் அறியப்படாத வயல் எல்லை" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதப்படும். எந்தச் செய்தித்தாளும் அதை வெளியிடாது. வீடு கட்டும் நிறுவனத்தின் கணக்காளர் மட்டும், இதற்கா இவ்வளவு பணம் என்று கேட்பார்.

இதற்குத்தான். கடந்த ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டனின் தொல்பழங்காலத்தைப் பற்றிய அறிவு எந்தப் புதையலாலும் மாறியதை விட, இந்தத் தூர்ந்த பள்ளங்களால்தான் அதிகம் மாறியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பள்ளங்களை நமக்குக் காட்டியது, அவற்றை அழிக்க வந்த கட்டுமானமேதான். அகழாய்வுக் குழி ஒன்று பத்துக்குப் பத்து மீட்டர் இருந்தால் ஒரு வீட்டின் அடித்தளம் தெரியும், ஒரு கல்லறை தெரியும். வயல் எல்லையோ பல நூறு மீட்டர் ஓடி, திரும்பி, இன்னொன்றோடு சேர்ந்த பிறகுதான் வயலாகிறது. அத்தனை ஏக்கரை ஒரே வீச்சில் திறந்து பார்க்கும் வசதி எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. புது நகரங்களும் விமான நிலையங்களும் சரளைக்கல் குவாரிகளும்தான் அந்த வாய்ப்பைத் தந்தன.

ஒரு எல்லை எப்போது தேவைப்படுகிறது என்று யோசித்தால் இதன் கனம் புரியும். இந்தப் புல் யாருடைய மாட்டுக்கு, மந்தை எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகும், அப்பன் இறந்தால் எந்தத் துண்டு எந்த மகனுக்கு என்ற கேள்விகளுக்கு ஊர் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் பள்ளம் வெட்டுகிறார்கள். எழுத்து இல்லாத சமூகத்தில் நிலத்தைப் பற்றிய ஒப்பந்தம் மண்ணிலேயே எழுதப்படுகிறது. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டன. அந்தக் காலத்தின் நினைவுச் சின்னங்கள் ஏராளம். நிலையான வயல்களோ அரிது. கி.மு. 1500ஐ ஒட்டி நிலைமை தலைகீழாகிறது. தெற்கிலும் கிழக்கிலும் சமவெளிகள் செவ்வக வயல்களாகக் கூறுபோடப்படுகின்றன. சில இடங்களில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு எல்லைகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. பெருங்கல் சின்னங்களுக்குப் போன உழைப்பு பள்ளம் வெட்டவும் கரை போடவும் வேலி வளர்க்கவும் திரும்பிவிட்டது.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது தென்மேற்கே உள்ள டார்ட்மூர் மேட்டுநிலம். அங்கே எல்லைகள் கல்லால் ஆனவை. உழவு குறைவு என்பதால் இன்றும் தரைமேல் கிடக்கின்றன. அவை இந்தக் காலத்தவை, அதாவது வெண்கலக் காலத்தவை என்பதை 1970களில் ஆண்ட்ரூ ஃபிளெமிங் நிலைநாட்டினார். ஆனால் தாழ்ந்த சமவெளி காலியாகவே இருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. இரண்டாயிரம் ஆண்டு உழவு அங்கே கரைகளை மட்டமாக்கிவிட்டது. எஞ்சியது மண்ணுக்கடியில் தூர்ந்த பள்ளம் மட்டுமே. கட்டுமானத்துக்கு முன் நடந்த அகழாய்வுகளின் அறிக்கைகளை டேவிட் யேட்ஸ் என்ற ஆய்வாளர் ஒன்றுசேர்த்துப் பார்த்து 2007இல் வெளியிட்டபோது, தேம்ஸ் பள்ளத்தாக்கு, தென்கடற்கரை, கிழக்குச் சதுப்பு விளிம்பு எங்கும் அந்த வயல்கள் இருந்தது தெரியவந்தது. தனித்தனியே சலிப்பூட்டிய நூற்றுக்கணக்கான அறிக்கைகளைச் சேர்த்து வைத்தபோது ஒரு நாட்டின் வேளாண் வரைபடம் எழுந்தது.

இவற்றில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது பீட்டர்பரோவின் கதை. லண்டனின் நெரிசலைத் தணிக்க 1967இல் பீட்டர்பரோவைப் புதுநகரமாக அறிவித்தார்கள். எந்தெந்த நிலங்களில் பழம்பொருள் புதைந்திருக்கக்கூடும் என்று அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. விமானப் படங்களில் தெரிந்த பயிர்த்தடங்கள் அதற்குப் பெரிதும் உதவின. கோடை வறட்சியில் பயிர் வாடும்போது, அடியில் தூர்ந்த பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் ஈரம் நின்று பயிர் பச்சையாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் பழைய வயலின் கோடு அப்படியே தெரியும். நகரின் கிழக்கு விளிம்பில், ஃபென் எனப்படும் சதுப்பு நிலம் தொடங்கும் இடத்தில் இருந்த ஃபெங்கேட், தொழிற்பேட்டைக்கென ஒதுக்கப்பட்டது. டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஃபிரான்சிஸ் பிரையர் 1971 முதல் 1978 வரை அங்கே அகழாய்வு நடத்தினார்.

மண்ணை வழித்ததும் தெரிந்தவை நீண்ட பள்ளங்கள். அவற்றில் சில இரட்டையாக, இணையாக, சரிவில் இறங்கிச் சதுப்பை நோக்கி ஓடின. இரண்டு பள்ளத்துக்கும் நடுவே இருந்தது பாதை. ஆட்கள் நடக்கும் பாதையை விட அகலமானது, மந்தை ஓட்டும் தடம். அதன் இருபுறமும் செவ்வக வயல்கள். குளிர்காலத்தில் வெள்ளம் ஏறிவந்து சதுப்பை மூடும். மந்தை மேட்டு வயல்களுக்குள் அடைபடும். கோடையில் தண்ணீர் வடிந்து செழும்புல் முளைக்கும்போது இந்தத் தடங்கள் வழியாக மந்தை கீழே இறங்கும். ஆண்டு முழுவதற்குமான கால்நடை வாழ்க்கையின் ஒழுங்கு அந்தப் பள்ளங்களின் திசையிலேயே இருந்தது.

பிரையர் பிற்பாடு தானே ஆடு வளர்க்கத் தொடங்கினார். அதன் பிறகு தன் பழைய வரைபடங்களை அவர் வேறு கண்ணோடு பார்த்தார். வயலுக்குள் நுழையும் வாசல் ஏன் நடுவில் இல்லாமல் மூலையில் இருக்கிறது? மந்தையை நேர்வேலியில் நிறுத்தி ஒரு வாசலுக்குள் நுழைக்க முடியாது, அது சிதறும். இரண்டு வேலிகள் கூடும் மூலைக்குத் தள்ளினால், அது தானாகவே ஒடுங்கி வாசல் வழியே போகும். ஒடுங்கிய சந்துகளையும் சிறு அடைப்புகளையும், ஆட்டை எண்ணவும் தரம் பிரிக்கவும் அமைத்த இடங்களாக அவர் விளக்கினார். மேய்ப்பன் அன்றாடம் அறிந்ததை ஆய்வாளன் அறிய இருபது ஆண்டு ஆனது. கள அறிவு புத்தக அறிவுக்குக் கை கொடுத்த இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

1982இல் அதே பகுதியில், ஒரு வடிகால் ஓரத்தில் தட்டுப்பட்ட மரத்துண்டிலிருந்து ஃபிளாக் ஃபென் கண்டுபிடிக்கப்பட்டது. ஃபெங்கேட் கரையிலிருந்து மறுகரையான நார்த்தி வரை, சதுப்பின் குறுக்கே சுமார் 1 கி.மீ. நீளத்துக்கு நட்ட மரத்தூண் வரிசைகள். அருகே நீரில் இடப்பட்ட வாள்கள், ஈட்டிமுனைகள், அணிகலன்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்க வருவது அதைத்தான். ஆனால் அந்த வாள்களை நீருக்குக் கொடுத்தவர்கள் யார், அவர்கள் செல்வம் எதிலிருந்து வந்தது என்று கேட்டால், பதில் கரைமேல் இருந்த வயல்களிலும் மந்தைத் தடங்களிலும்தான் இருக்கிறது. அந்த வயல்கள் ஏற்கெனவே தெரிந்திருக்காவிட்டால், ஃபிளாக் ஃபென் காரணம் புரியாத ஓர் அதிசயமாகவே நின்றிருக்கும்.

ஃபெங்கேட் காலத்தில் இதற்கெல்லாம் பொதுப்பணமே முக்கிய ஆதாரம். புல்டோசர் வருவதற்கு முன் ஓடிப்போய் முடிந்ததைப் பதிவு செய்யும் "மீட்பு அகழாய்வு" அது. 1971இல் 'ரெஸ்க்யூ' என்ற அமைப்பே இதற்காகத் தொடங்கப்பட்டது. நிலைமையை மாற்றியது லண்டனில் எழுந்த ஒரு கொந்தளிப்பு. 1989இல் சதர்க் பகுதியில் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில், 1587இல் கட்டிய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. அதைக் காக்க நடிகர்களும் பொதுமக்களும் திரண்டு போராடினார்கள். அடுத்த ஆண்டு, 1990 நவம்பரில், இங்கிலாந்தின் திட்ட அனுமதி முறைக்கு 16ஆம் எண் கொள்கை வழிகாட்டி வந்தது. அதன் சாரம் எளிது: முடிந்தால் புதைந்ததைப் புதைந்தபடியே விடு, முடியாவிட்டால், அழிக்கப்போகிறவரே அதைத் தோண்டிப் பதிவு செய்யும் செலவை ஏற்கவேண்டும். 2012இல் அந்தக் கொள்கை தேசியத் திட்டக் கொள்கைச் சட்டகத்துக்குள் சேர்ந்தது. இன்று பிரிட்டனில் நடக்கும் அகழாய்வில் மிகப் பெரும்பகுதி இப்படிக் கட்டுமானத்தை ஒட்டி நடப்பதே.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது? நிறுவனம் விண்ணப்பித்ததும் உள்ளாட்சியின் தொல்லியல் ஆலோசகர், அந்தப் பகுதியில் ஏற்கெனவே தெரிந்தவற்றின் பதிவேட்டைப் புரட்டுவார். பழைய நிலப்படங்கள், விமானப் படங்கள், விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த தரைமட்ட அளவீடு எல்லாம் சேரும். பிறகு காந்தமானி ஏந்தியவர்கள் வயலில் வரிசையாக நடப்பார்கள். மனிதர் வாழ்ந்த இடத்து மேல்மண்ணில் காந்தத்தன்மை சற்றுக் கூடுதல்; அந்த மண் விழுந்து தூர்ந்த பள்ளம் கணினித் திரையில் கோடாகத் தெரியும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இது அருமையாக வேலை செய்யும். கனத்த களிமண்ணில் பல நேரம் ஏமாற்றிவிடும்.

அதனால் சோதனைக் குழிகள் வெட்டுவார்கள். இரண்டு மீட்டர் அகலத்தில் நீண்ட குழிகள், மொத்த நிலத்தில் வழக்கமாக 3 முதல் 5 விழுக்காடு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஐந்து விழுக்காடு குழியில் ஒரு வயல் எல்லை தலை காட்டினால், அது இரண்டு மீட்டர் நீளத் துண்டாக மட்டுமே தெரியும். பானை ஓடு இல்லை, எலும்பு இல்லை, அடுத்த குழியில் தொடர்ச்சியும் பிடிபடவில்லை என்றால், "முக்கியத்துவம் குறைவு" என்று எழுதி முடித்துவிடும் சபலம் வலுவானது. நிறுவனத்துக்கு அது மகிழ்ச்சி, உள்ளாட்சிக்கு வேலை மிச்சம். ஃபெங்கேட்டின் மந்தைத் தடத்தையும் இந்தக் கண்ணால் மட்டும் பார்த்திருந்தால், கால் வைத்துத் தாண்டிப் போயிருப்போம். நல்ல ஆலோசகர் இந்த இடத்தில் விடாப்பிடியாக நிற்பார்: முழு நிலத்தையும் திற, வரைபடம் எடு, பிறகு எங்கே ஆழமாக வெட்டுவது என்று முடிவு செய் என்பார். என் பார்வையில் இந்த முழு நடைமுறையிலும் மிக முக்கியமான தருணம் அதுதான்.

திறப்பதற்கு வருவது நம்மூரில் ஹிட்டாச்சி என்று சொல்லும் சங்கிலிச் சக்கர இயந்திரமே. வாளியில் பல் இருக்காது. பல் இருந்தால் மண்ணைக் கீறிக் கோட்டைக் கலைத்துவிடும். தொல்லியலாளர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வழிப்பையும் பார்த்து, நிறம் மாறும் இடத்தில் கை காட்டி நிறுத்துவார். கோடுகள் எல்லாம் செயற்கைக்கோள் கருவியால் அளக்கப்பட்ட பின் கரண்டி வேலை தொடங்கும். முழுப் பள்ளத்தையும் தோண்டுவது அபூர்வம். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறுக்காக வெட்டுவார்கள். பள்ளம் முடியும் முனைகளையும், இரண்டு பள்ளங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களையும் கட்டாயம் வெட்டுவார்கள். எது எதை வெட்டிப் போகிறது என்று பார்த்தால் எது முந்தியது என்று தெரியும். வெட்டு ஒவ்வொன்றுக்கும், அதற்குள் விழுந்த மண்ணடுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண். அவற்றின் முன்பின் உறவை வரைய, 1973இல் எட்வர்ட் ஹாரிஸ் உருவாக்கிய கட்டப்பட முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

பள்ளத்தின் காலத்தைச் சொல்வதுதான் தலைவலி. உள்ளே கிடைக்கும் பானை ஓடு, பள்ளம் தூர்ந்த காலத்தைச் சொல்லும். வெட்டிய காலத்தைச் சொல்லாது. விவசாயி சில ஆண்டுக்கு ஒருமுறை தூர்வாரியிருப்பான். வாரும்போது பழைய வண்டலும் அதிலிருந்த சான்றும் வெளியே போயிருக்கும். போதாக்குறைக்கு, ஆயிரம் ஆண்டு முந்திய ஓடு பக்கத்து மண்ணிலிருந்து உருண்டு விழுந்து நம்மைத் தவறான நூற்றாண்டுக்கு இழுத்துச் செல்லும். ஆகவே அடிமட்ட வண்டலில் கருகிய தானியமோ எலும்போ கிடைத்தால் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்புவார்கள். மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று அளக்கும் ஒளிர்வு முறையும் உண்டு. இரண்டுக்கும் பணம் தேவை; பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவதும் இவற்றின் மேல்தான். இது தவறு என்று வெளிப்படையாகவே சொல்வேன். இன்னும் நாற்பது குறுக்கு வெட்டுகளை வெட்டிப் படம் எடுப்பதை விட, நல்ல இடத்திலிருந்து எடுத்த பத்துக் காலக்கணிப்புகள் வயலின் வரலாற்றை அதிகம் சொல்லும்.

பள்ளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சரளை சரிந்து விழுந்திருந்தால், அந்தப் பக்கம் மண்கரை இருந்தது என்று தெரியும். கரைமேல் என்ன இருந்தது? கொங்கு நாட்டுக் கிளுவை வேலி போல ஓர் உயிர்வேலி வளர்ந்திருக்கலாம். நீர் தேங்கிய அடிமண்ணில் முட்களும் குச்சிகளும் அழுகாமல் இருக்கும். அவையே நேரடிச் சான்று. நிழல் விரும்பும் சின்ன நத்தைகளின் ஓடுகளும், முட்செடிகளின் மகரந்தமும் கூட வேலியைக் காட்டிக்கொடுக்கும். சாணத்திலிருந்து மண்ணில் சேரும் பாஸ்பேட் மிகுந்திருந்தால் அங்கே கால்நடை அடைபட்டிருந்ததற்கு அது அறிகுறி.

வெண்கலக் கால வயல்கள் நிலைத்து நீடிக்கவில்லை. கி.மு. முதல் ஆயிரமாண்டின் தொடக்க நூற்றாண்டுகளில் பல இடங்களில் அவை கைவிடப்பட்டன. பள்ளங்கள் தூர்ந்தன, திசைகள் மறந்துபோயின. வெண்கலப் பண்டமாற்று வலைப்பின்னல் சரிந்ததோடு இதை யேட்ஸ் தொடர்புபடுத்துகிறார். இரும்புக் காலத்திலும் ரோமானியர் காலத்திலும் புது எல்லைகள் வந்தன. இடைக்காலத்தில் பெரும் திறந்த வயல்கள். அவற்றில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சிதறிய நீண்ட பட்டைகள். பிறகு வேலியடைப்புச் சட்டங்கள்: 1604 தொடங்கி 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் வழியாக 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு, தனியார் வேலிக்குள் போனது. பொது மேய்ச்சல் உரிமை இழந்த குடும்பங்கள் கூலியானார்கள். இன்றைய ரயில் பயணி அழகாக இருக்கிறதென்று ரசிக்கும் நேர்கோட்டு முள்வேலிகளில் பல அந்தப் பறிப்பின் தடங்கள். இவை பழைய நிலப்படங்களில் இருப்பதால், அகழாய்வில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை; படத்தோடு பொருத்திப் பார்த்து நகர்ந்துவிடலாம்.

இத்தனை காலமும் ஒரே நிலத்தில் படிந்திருப்பதைக் காண கேம்பிரிட்ஜின் விளிம்பு நல்ல இடம். நகரின் தெற்கே டிரம்பிங்டனை ஒட்டிய கிளே ஃபார்ம் நிலத்தில், வீடுகள் எழும் முன் வெண்கலக் கால வயல் அமைப்பு வெளிப்பட்டது. பக்கத்தில் டிரம்பிங்டன் மெடோஸ் குடியிருப்புக்கான நிலத்தில், 2011இல் ஏழாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று கிடைத்தது. பதினாறு வயதையொட்டிய ஒரு பெண், கட்டிலில் கிடத்தப்பட்டு, மார்பில் பொன்னும் செம்மணியும் பதித்த சிலுவையோடு. உலகச் செய்தியானது சிலுவை. அடுத்த நிலத்தின் வயல்கள் செய்தியாகவில்லை. வடமேற்கே பல்கலைக்கழகம் கட்டிய எடிங்டன் குடியிருப்பில், ரோமானியர் காலத்து இணையான நடவுப் பாத்திகளையும், அவற்றின் அருகே கிணற்றையும் கண்டார்கள். வறண்ட நாட்களில் பள்ளங்களில் நீர் ஊற்றிப் பயிர் காத்திருக்கிறார்கள் என்பதும், பயிர் திராட்சையாகவோ அஸ்பாரகஸாகவோ இருக்கலாம் என்பதும் தோண்டியவர்களின் கருத்து. (அந்தக் குடியிருப்பு பெயர் தாங்கியிருப்பது ஆர்தர் எடிங்டனுடையது, நம் சந்திரசேகரின் விண்மீன் கணக்கை 1935இல் பொதுமேடையில் மறுத்த அதே எடிங்டன்.)

இப்படி அடுத்தடுத்த நிலங்களை வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தொல்லியல் குழுக்களை வைத்துத் தோண்டுகின்றன. வெண்கலக் கால விவசாயிக்கு அந்த மனை எல்லை தெரியாது. அவன் பள்ளம் மூன்று திட்டங்களின் குறுக்கே ஓடும். மூன்று அறிக்கைகளையும் ஒட்டிப் பார்க்கும் வேலைக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. யேட்ஸ் போல ஒருவர் முன்வரும் வரை அவை தனித்தனியாகவே கிடக்கும். கண்டெடுத்த பொருட்களை வாங்கி வைக்க இடமில்லை என்று பல அருங்காட்சியகங்கள் கதவை மூடிவிட்டதும் இதே குறையின் இன்னொரு முகம்.

இப்போது பிரிட்டிஷ் அரசு இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் இங்கிலாந்தில் 15 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. வீடு தேவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. வாடகையில் நசுங்கும் குடும்பங்களுக்கு முன் நின்று பள்ளத்துக்காக வீட்டை நிறுத்து என்று சொல்லமாட்டேன். ஆனால் தொல்லியல் வேலை பெரும்பாலும் வீட்டைத் தடுப்பதில்லை. முன்கூட்டியே செய்தால் தாமதமும் குறைவு. நிலத்தை வாங்கும்போதே காந்தமானி ஆய்வையும் சோதனைக் குழிகளையும் முடித்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு, என்ன வரும் என்று தெரியும். இயந்திரம் இறங்கிய பின் வயல் அமைப்பு வெளிப்பட்டால்தான் செலவு எகிறும். வேகத்தின் பெயரால் சோதனைக் கட்டத்தைக் குறைப்பது இரு தரப்புக்கும் கேடு. அதில் முதலில் காணாமல் போவது கல்லறையோ மாளிகையோ இருக்காது. அவற்றை யாரும் தவறவிடமாட்டார்கள். ஓடு கிடைக்காத பள்ளங்கள்தான் சத்தமில்லாமல் போகும்.

இங்கிலாந்தில் புதுக் குடியிருப்பில் வாழும் தமிழர்கள் இன்று ஏராளம். உங்கள் வீட்டடியில் என்ன இருந்தது என்று பார்ப்பது கடினமில்லை. உள்ளாட்சியின் திட்ட அனுமதித் தளத்தில் குடியிருப்பின் பெயரைப் போட்டுத் தேடினால், விண்ணப்பத்தோடு இணைத்த தொல்லியல் ஆவணங்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். யார்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தொல்லியல் தரவுச் சேவையின் இணைய நூலகத்தில் அகழாய்வு அறிக்கைகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அறிக்கையின் பின்பகுதியில் நிலப்படம் இருக்கும். முதலில் பழைய அளவைப் படத்தின் வேலிகளை இன்றைய தெருப்படத்தோடு பொருத்துங்கள்; பிறகு தோண்டிய பள்ளங்களின் திசையைப் பாருங்கள். 1997 முதல் முக்கியமான பழைய வயல்வேலிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; பல குடியிருப்புகளின் பின்வரிசைத் தோட்டங்கள் இன்றும் ஒரு வேலியில்தான் போய் முடிகின்றன. அது 18ஆம் நூற்றாண்டு வேலியா, இடைக்காலப் பட்டையின் விளிம்பா என்பதை அந்தப் படங்களே பல நேரம் சொல்லிவிடும்.